மனைப்பிரிவு ரோடு: எழுதிக் கொடுப்பதா, நாமே போட்டுக்கொள்வதா?

கடலூரைச் சுற்றி மனை வாங்கி வீடு கட்டியவர்கள் ஐப்பசி பிறந்ததும் கேட்கிற கேள்வி இது. தெருவில் தண்ணீர் நிற்கிறது, வண்டி சேற்றில் சிக்குகிறது. கவுன்சிலரிடம் போனால், "அது பிரைவேட் ரோடு சார், நாங்க கை வைக்க முடியாது" என்கிறார். வீட்டு வரி கட்டுகிறோமே என்றால், அது வீட்டுக்கு என்று பதில் வருகிறது. மனை போட்டவர் போனை எடுப்பதில்லை. இதற்கிடையில் தெருவில் நாலு பேர் சேர்ந்து, வீட்டுக்கு இவ்வளவு போட்டால் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று நோட்டோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். கொடுக்கலாமா, வேண்டாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோடு யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு லோடு கிராவலுக்குக்கூடப் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான மனைப்பிரிவுகளுக்கு ரோட்டு நிலத்தை உள்ளாட்சி பேருக்கு எழுதிக் கொடுப்பதுதான் சரியான வழி. எல்லாத் தெருவுக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

ரோடு யார் பேரில்? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிய லேஅவுட் என்றால், இறுதி அனுமதிக்கு முன்பே ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் பராமரிப்பு மாநகராட்சியுடையது அல்லது ஊராட்சியுடையது, அதில் பேச்சே இல்லை. சிக்கல் எல்லாம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அப்ரூவல் இல்லாமல் போட்ட 'நகர்'களில்தான். (நம் பக்கம் நகர் என்று பேர் வைக்காத மனைப்பிரிவு ஏது!) வயல்காரர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பார், பவர் வாங்கியவர் கல் நட்டு மனையாக விற்பார். மனைகள் எல்லாம் கைமாறிய பிறகும் இடையில் கிடக்கிற ரோட்டு நிலம் பட்டாவில் வயல்காரர் பேரிலேயே நிற்கும். அவர் காலமாகிவிட்டால் பொதுவாகப் பவரும் செத்துவிடும். அதன்பின் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வாரிசுகள். அந்த வாரிசுகளில் ஒருவர், தெருக் கோடியில் காலியாக இருக்கிற துண்டைத் தனி மனையாக விற்கப் பார்ப்பதும் நடக்கிறது.

"எங்கள் பத்திரத்தில் பொது ரோடு என்றுதானே போட்டிருக்கிறது?" என்பார்கள். எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில், "20 அடி அகலப் பொது ரோட்டுக்குத் தெற்கு" என்று எல்லை எழுதி, கீழே மாமூல் நடைபாதை, வண்டிப்பாதை உரிமை சேர்த்திருப்பார்கள். அதை எழுதியவர் மனையை விற்றவர். உங்களுக்கு அந்த வழியில் போகவர உரிமை உண்டு, அதை யாரும் அடைக்க முடியாது. ஆனால் அந்த வரி ரோட்டைச் சீர்செய்யும் கடமையை மாநகராட்சி தலையில் வைக்காது. தனியார் தெரு, பொதுத் தெரு என்ற பிரிவு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது. 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சி என்றால் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அதன் 110-ஆவது பிரிவு ஊர்ச் சாலைகளைப் போடுவதையும் பழுது பார்ப்பதையும் கிராம ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமையைக் கேட்க வேண்டுமானால் ரோடு முதலில் ஊராட்சியுடையதாக இருக்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் இலவசமாகப் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வருவாய்த்துறை இணையதளத்தில், நிலம் யார் பேரில் என்று காட்டும் அ-பதிவேட்டைப் பாருங்கள். இரண்டிலும் புரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உள்ளாட்சியிடம், இந்த சர்வே எண்ணில் உள்ள ரோடு உங்கள் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா, தானப் பத்திரம் இருந்தால் நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்ரூவல் இல்லாத மனையை 2017 விதிகளின்படி வரன்முறை செய்தவர்கள் (முறைப்படி அனுமதி வாங்கியவர்கள்) அந்த ஆணையையும் எடுத்துப் படியுங்கள். வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டிய ரசீது இருக்கும். ஆனால் மனை வரன்முறையானதாலேயே ரோடு கைமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் எங்கே போகும்? வேறு ஊரில் இதைக் கடைசியில் பார்க்கலாம், கடலூரில் முடியாது. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு எல்லாம் கடலில் சேருகிற இடம் இது. 2015 நவம்பரிலும் சரி, ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதும் சரி, ரோட்டின் தரத்தைவிட வாய்க்காலின் வாட்டம்தான் வீட்டைக் காப்பாற்றியது அல்லது கைவிட்டது. உங்கள் தெருவை மட்டும் அரை அடி உயர்த்தினால் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும். அடுத்த வருடம் அவர்கள் ஓரடி உயர்த்துவார்கள்.

காசு. இன்று கொடுப்பது எவ்வளவு என்பதோடு, பத்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கடைசியாக, கெட்டுப்போனால் யாரைக் கேட்பது? பேர் சொல்லிக் கேட்க ஒரு ஆபீஸ் இருக்கிறதா, இல்லை நோட்டோடு வந்த அந்த நாலு பேர்தானா?

## உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுப்பது

நில உரிமையாளர் அல்லது அவருடைய வாரிசுகள் ரோட்டு நிலத்தைத் தானப் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மாநகராட்சி என்றால் ஆணையர் பேருக்கு, ஊராட்சி என்றால் ஊராட்சி பேருக்கு. மன்றத்தில் ஏற்றுத் தீர்மானம் போட்டு, சாலைப் பதிவேட்டில் சேர்த்து, பட்டாவையும் மாற்ற வேண்டும். பத்திரம் பதிந்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பட்டா மாறாமல் விட்டால் பத்து வருடம் கழித்துப் பழைய பேரைக் காட்டி யாராவது வருவார்கள்.

நல்ல பக்கம் தெளிவானது. தெருவிளக்கு, குப்பை வண்டி, குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை எல்லாம் இதற்குப் பிறகு உரிமையோடு கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியையும் பொது ரோட்டில்தான் செலவழிக்க முடியும். மனையை விற்கும்போது வாங்குபவரின் வங்கியும் வழியைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்காது.

மறைந்திருக்கிற செலவு மூன்று. முதலாவது காத்திருப்பு. எழுதிக் கொடுத்த மறு மாதம் ரோலர் வராது. 45 வார்டு உள்ள மாநகராட்சியில் உங்கள் தெரு வரிசையில் கடைசியாகச் சேரும். தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி என்றாலும் அது மொத்தத் தொகுதிக்கும். இரண்டாவது, வாசற்படியும் சாய்தளமும். அகலம் அளக்க வரும்போது ரோட்டில் மூன்றடி இறங்கியிருக்கிற உங்கள் கார் சாய்தளம் ஆக்கிரமிப்பு ஆகிவிடும். இதைச் சொன்னதும் கையெழுத்துப் போட மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, ரோட்டு மட்டம். தார் மேல் தார் போட்டு வீடு பள்ளமாகும் பயம் நியாயமானதே. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டிருக்கிறார். வேலை தொடங்கும் நாளில் அதைச் சொல்லி, உங்கள் வீட்டு வாசலில் மட்டத்தைக் குறித்து ஒரு போட்டோ எடுத்து, உதவிப் பொறியாளரிடம் மனுவாகக் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு கொடுத்தால் பயனில்லை.

இன்னொன்று: எழுதிக் கொடுத்த ரோட்டில் கேட் போட முடியாது. அது எல்லோருக்குமான தெரு. "கேட்டட் கம்யூனிட்டி" என்று சொல்லி விற்ற லேஅவுட்டில் ரோடு ஏற்கெனவே தானமாகப் போயிருந்தால், அந்தக் கேட்டுக்கு மதிப்பில்லை.

எப்போது இதுவே சரி: தெரு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது, பாதி மனை இன்னும் காலி, உரிமையாளரோ வாரிசுகளோ கையெழுத்துப் போடத் தயார், வாய்க்காலை உங்கள் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ஒன்றே போதும். உங்கள் சங்கம் அடுத்தவர் நிலத்தில் வாய்க்கால் வெட்ட முடியாது, உள்ளாட்சிக்கு அதற்கு வழி உண்டு.

## சங்கம் வைத்து நாமே பார்த்துக்கொள்வது

இதில் வேகம் இருக்கிறது. வைகாசியில் பேசி ஆடிக்குள் போட்டுவிடலாம். தரமும் நம் கையில். கூடவே கணக்கும் நம் கையில் வந்துவிடுகிறது, அங்கேதான் சண்டை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி அகலம், 500 அடி நீளம் என்றால் 10,000 சதுர அடி. இரண்டு பக்கமும் 40 அடி முகப்புள்ள மனைகள் 25. பங்கு பிரித்தால் மனைக்கு 400 சதுர அடி. கொட்டேஷனில் சதுர அடி விலை எவ்வளவோ அதை 400-ஆல் பெருக்கினால் உங்கள் பங்கு. காகிதத்தில் இது சரி. ஆனால் 25 மனையில் 12-இல்தான் வீடு இருக்கும். மிச்சம் 13 பேர் நெய்வேலியிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். காலி மனைக்கு எதற்கு ரோடு என்பார்கள். கிரயப் பத்திரத்தில் பராமரிப்புச் செலவு பற்றி ஒரு வரி இல்லாவிட்டால் அவர்களிடம் வாங்க வழியில்லை. 12 வீடு சுமந்தால் ஒருவருக்கு 833 சதுர அடி, இரண்டு மடங்குக்கும் மேல். அப்புறம் அந்த 13 பேரும் வீடு கட்ட வரும்போது ஜல்லி லாரியும் ரெடிமிக்ஸ் வண்டியும் நீங்கள் போட்ட ரோட்டின் மேல்தான் போகும்.

வேலைத் தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். நம் பக்கத்து மனைகள் பல, நேற்று வரை நெல் விளைந்த களிமண் நிலம். அதன் மேல் ஒரு லோடு செம்மண் கிராவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விடாமல் கல் டஸ்ட் (ஜல்லித் தூள்) போட்டுப் பேவர் அடுக்குவார்கள். அன்று மாலை பார்க்க அழகாக இருக்கும். முதல் மழைக்குப் பிறகு கழிவுநீர் லாரி ஒன்று உள்ளே வந்து போனால் இரண்டு சக்கரத் தடமும் அப்படியே அமுங்கி நிற்கும். அந்த இரண்டு தடத்தில்தான் பிறகு எல்லாத் தண்ணீரும் தேங்கும். ஓரத்தில் சிமென்ட் கட்டு வைக்காமல் விட்டால் கற்கள் வெளிப்பக்கமாக நகர்ந்து நடுவில் இடைவெளி விழும், அதில் கோரை முளைக்கும். இந்திய தர நிர்ணயப்படி 60 மி.மீ. கனமுள்ள கல் லேசான போக்குவரத்துக்கு. லாரி வந்துபோகும் தெரு என்றால் 80 மி.மீ. கேளுங்கள். கொட்டேஷனில் கல்லின் விலையை மட்டும் பார்க்காமல், கிராவல் எத்தனை அங்குலம், எத்தனை தடவை ரோலர், இரண்டு பக்கமும் ஓரக்கட்டு உண்டா என்று எழுதி வாங்குங்கள். கல்லில் பத்து ரூபாய் குறைப்பவர் அடித்தளத்தில் அதைவிட அதிகம் குறைத்திருப்பார் என்பது என் சந்தேகம்.

மற்ற செலவுகள்: தெருவிளக்கின் மின் கட்டணம், வாய்க்கால் தூர்வாரும் கூலி, சங்கக் கணக்கு. சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிந்து, வங்கிக் கணக்குத் திறந்து, ரசீது போட்டு வசூலியுங்கள். தலைவர் வீட்டு அலமாரியில் பணம் இருந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டாவது வருடம் பேச்சு வரும்.

எப்போது இதுவே சரி: முட்டுச்சந்து, எட்டுப் பத்து வீடு, எல்லாம் கட்டி முடிந்தவை, வெளியாள் வண்டி வராது, தண்ணீர் இயல்பாகவே பெரிய ரோட்டுக்கு வடிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்பாதை இதில் சேராது. அது எல்லோருக்கும் பங்குள்ள பொது இடம். சங்கம்தான் பார்த்தாக வேண்டும், வேறு தேர்வே இல்லை.

## நமக்கு நாமே: பங்கு போட்டுக்கொள்வது

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. 1997-இல் தொடங்கி, இடையில் நின்று, 2021-இல் மறுபடி வந்த நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். முன் சொன்ன கணக்கில் 12 வீடு மட்டும் கட்டினாலும் ஒருவருக்குச் சுமார் 278 சதுர அடியின் விலைதான். தனியாகப் போடுவதோடு ஒப்பிட்டால் லாபம். வரிசையில் முன்னே வருவதும் உண்டு, காசு கட்டிய வேலை என்பதால்.

ஆனால் இது பொது ரோட்டுக்குத்தான். எழுதிக் கொடுக்காத ரோட்டுக்கு யாராவது இந்தத் திட்டத்தில் வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். மதிப்பீடு அரசு விலைப்பட்டியல்படி இருக்கும். டெண்டர் விட்டுச் செய்யும் வேலை என்றால் அதை எடுப்பவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பங்குத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், ஆகவே நிர்வாக அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள். ஊராட்சிப் பகுதியில் அனுமதி ஆட்சியர் வழியாக வரும். மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுங்கள். கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, தலைவரிடம் வாய்ப்பேச்சாக முடித்திருந்த வேலைகள் அந்தரத்தில் நின்றன. எதையும் கிராம சபைத் தீர்மானமாக எழுதி வாங்குவது நல்லது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| | உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுப்பது | சங்கமே பராமரிப்பது | நமக்கு நாமே |
|---|---|---|---|
| ரோடு யார் பேரில் | மாநகராட்சி / ஊராட்சி | பழைய உரிமையாளர் அல்லது சங்கம் | முதலில் உள்ளாட்சி பேருக்கு மாற வேண்டும் |
| இன்றைய கைக்காசு | பத்திரச் செலவு, அலைச்சல் | முழுத் தொகையும் | மூன்றில் ஒரு பங்கு |
| பத்து வருடச் செலவு | குறைவு | அதிகம், மறுபடி வசூல் | குறைவு |
| வேகம் | மெதுவு | வேகம் | நடுத்தரம் |
| வெளியே வடிகால் | கேட்கலாம் | முடியாது | கேட்கலாம் |
| கேட் போடலாமா | கூடாது | தனியார் தெருவாக இருக்கும்வரை பேசலாம் | கூடாது |
| கெட்டால் யாரைக் கேட்பது | பொறியாளர், ஆணையர் | நம்மையே | பொறியாளர், ஒப்பந்ததாரர் |

## மனை போட்டவரைப் பிடிப்பது

புதிய லேஅவுட் வாங்கியவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் வேலைத் தரத்திலோ வாக்களித்த வசதியிலோ குறை தெரிந்தால், எழுத்தில் சொன்ன 30 நாளுக்குள் மனை போட்டவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் சொல்கிறது. விளம்பர நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். '30 அடி தார் ரோடு' என்று அதில் போட்டிருப்பது பயன்படும். ஐந்து வருடம் முடியும் முன் உங்கள் காசில் ரோடு போட்டால், அவர் செய்ய வேண்டியதை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள். பழைய நகர்களுக்கு இந்த வழி கிடையாது.

## முள்ளோடை தாண்டினால்

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள், பாகூர், கன்னியக்கோயில் பக்கம் மனை வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. புதுச்சேரியில் 1973-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டமும் கொம்யூன் (பல கிராமம் சேர்ந்த உள்ளாட்சி) பஞ்சாயத்துச் சட்டமும்தான். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 2006-க்குப் பிறகு நடக்கவில்லை. கவுன்சிலர் என்று ஒருவரைப் போய்ப் பார்க்க வழியில்லாததால், மனு நேராகக் கொம்யூன் ஆணையருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகும். ரோடு யார் பேரில் என்ற முதல் கேள்வி மட்டும் அங்கேயும் அதேதான்.

## வாரிசுகள் கையெழுத்துப் போடாவிட்டால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில். ஒரு வாரிசு துபாயில், இன்னொருவர் தனக்கு ஒரு மனை கொடுத்தால்தான் போடுவேன் என்கிறார். வருடக்கணக்காக எல்லோரும் நடந்த வழி, உள்ளாட்சியே குழாய் பதித்து விளக்குப் போட்ட தெரு என்றால், அது பொதுத் தெருதான் என்று வாதிட இடம் இருக்கிறது. பழைய லேஅவுட் வரைபடம், எல்லோருடைய கிரயப் பத்திர நகல்கள், விளக்குக் கம்பத்தின் போட்டோ, குழாய் பதித்த ஆண்டின் ரசீது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஆணையருக்கு மனு கொடுத்துவிட்டு ஒரு நல்ல சிவில் வக்கீலைப் பாருங்கள். தனித்தனியாகப் போகாமல் சங்கத்தின் பேரில் போங்கள். வாரிசுக்கு மனைக்குப் பதில் பணம் கொடுத்து முடிப்பதாக இருந்தால், பதிவு நாளில் சார்பதிவாளர் முன்னால் கொடுங்கள், முன்பணமாக வேண்டாம். இது முடிகிற வரை தெருவுக்குக் கிராவலும் ஓரத்தில் ஒரு மண் வாய்க்காலும் போதும். அதற்கு ஆகிற செலவு போனாலும் பெரிதாகத் தெரியாது.